கிழக்கு வரிசைச் சந்திரன்

கார்வேட்டிநகரம்
19 ஜனவரி 2025

நந்திதாவுக்கு,

நான் உன் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் அல்ல. போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடைசியில் அவரவர் சொன்னது மட்டும் அவரவருக்கு ஞாபகம் இருக்கிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஸ்டாம்ப் இன்னும் விற்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

நம் மாந்தோப்புக்குக் கிழக்கே நாகேந்திரன் கல் க்ரஷர் வைத்திருப்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அது வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நீ இங்கே வந்தும் அவ்வளவு ஆகிறது. கருங்கல்லை உடைத்து ஜல்லி ஆக்குகிறார். ஜல்லி லாரியில் போகிறது, தூசு நடந்தே நம் மரங்களுக்கு வந்துவிடுகிறது. போன வருஷம் கிழக்கு வரிசை முழுக்கப் பூத்தது, காய் நிற்கவில்லை. இந்த வருஷமும் பூத்திருக்கிறது. பூ இருக்கும் மாதங்களில் க்ரஷரை நிறுத்தவேண்டும், அதன் பிறகு மூடி போட்டு ஓட்டவேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். பிப்ரவரி பதினேழாம் தேதி சித்தூரில் விசாரணை.

அதற்கு முன் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று நாகேந்திரனிடம் போனேன். அவர் ஒரு ஷீல்டைக் காட்டினார். அதில் உங்கள் ஆய்வுக்கூடத்தின் பெயர், ஒரு நிலா, அதன் கீழே ‘சந்திரனை நம் மண்ணில் கண்டவர்’ என்று ஒரு வாசகம். பக்கத்தில் விழா போட்டோ. நீ சால்வைத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய்.

“தூசு தூசுன்னுகினு இருந்தியேம்மா, பாத்தியா, இது தூசு இல்ல, சந்திரன். உன் தங்கச்சி கையால குடுத்துது” என்றார்.

ரோட்டோரம் அதே வாசகத்தோடு போர்டும் வைத்துவிட்டார். பௌர்ணமியன்று பாகாலாவிலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூசுக் குவியலைச் சுற்றி வந்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். விசாரணைக்கு அந்த ஷீல்டைக் கொண்டுவரப் போகிறாராம்.

நைனா பங்கு பிரித்தபோது எனக்குத் தோட்டம், உனக்குப் படிப்பு என்றார். நியாயமான பங்கீடு. இப்போது உன் பங்கு என் பங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

ஸ்ரீதேவி


திருப்பதி
25 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். கையால் எழுதிய தபால் இங்கே யாருக்கும் வந்து பல வருஷம் ஆகிறது. யாரும் படிக்கவில்லை, பயப்படாதே. உறையைத்தான் பார்த்தார்கள்.

ஷீல்டில் இருக்கும் வாசகம் நான் எழுதியது. எங்கள் துறைத் தலைவர் பாலசுப்பிரமணியன் சார், எங்களுக்கு க்ரஷர் தூசு அனுப்பும் சப்ளையரைப் பாராட்டவேண்டும் என்றார். சால்வை போர்த்திய பிறகுதான் இங்கே ஒரு வேலை நடந்ததாகக் கணக்கு. பில்லில் கார்வேட்டிநகரம் என்று பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரின் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

நாங்கள் செய்வது என்ன என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சந்திரனில் மனிதன் தங்கவேண்டும் என்றால் சுவர் வேண்டும். இங்கிருந்து செங்கல் ஏற்றிப் போக யாராலும் கட்டுப்படியாகாது. அங்கே கிடக்கும் மண்ணிலேயே செய்யவேண்டும். விறகு இல்லை, காற்றும் இல்லை, ஆகவே சூளை போட முடியாது. அந்த மண் எங்கள் கையில் இல்லாததால் அதைப்போன்ற ஒன்றை வைத்துப் பழகுகிறோம். நிலாவில் முயல் என்று காட்டுவோமே, அந்தக் கருப்புத் திட்டும் நம் பக்கத்துக் கருங்கல்லும் கிட்டத்தட்ட ஒரே இனம். இரண்டும் எப்போதோ உருகி ஆறிய பாறை.

ஆற்று மணலை லென்ஸில் பார்த்தால் உருண்டையாக இருக்கும், அக்கா. தண்ணீர் உருட்டி உருட்டி அப்படி ஆனது. சந்திரனில் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களாக ஒவ்வொரு பொடியும் உடைந்த நாள் போலவே கூராக இருக்கிறது. க்ரஷர் தூசும் அப்படித்தான், உருண்டையாக அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தத் தூசில் யூரியா, கொத்தவரை விதைப் பசை, ஒரு கால்சியம் உப்பு, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா இவற்றைக் கலந்து அச்சில் ஊற்றிவிடுகிறோம். அந்தப் பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கச் சிதைக்க, பொடிக்கும் பொடிக்கும் நடுவே சுண்ணாம்புப் படிகம் வளர்கிறது. நெருப்பே இல்லாமல் சில நாளில் கல் ஆகிவிடுகிறது. முதல் கல்லை அச்சிலிருந்து எடுத்து விரலால் தட்டினேன். சத்தம் வந்தது. ஈரமாக ஊற்றிய சேறு சத்தம் போட்டது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

உன் பூவைப் பற்றி எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் கல்லைப் பற்றி எழுதிவிட்டேன்.

நந்திதா


கார்வேட்டிநகரம்
2 பிப்ரவரி 2025

நந்திதாவுக்கு,

இதைப் புத்தூர் வழியாகத் திருப்பதி வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே கிழக்கு வரிசையில் ஒடித்த ஒரு பூங்கொத்து இருக்கிறது. வாசம் பிடிக்காதே. உனக்கு மாம்பூ ஆகாது. சின்ன வயதில் தை மாதம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பாய். நீ படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவுதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள், எனக்கு மூக்கு என்று தெரியும்.

யூரியா விஷயம் புரிந்தது. இங்கே சொசைட்டியில் நாங்கள் காலை முதல் வரிசையில் நின்றால் இல்லை என்கிறார்கள். எங்கே போகிறது என்று இவ்வளவு நாளாகத் தெரியாமல் இருந்தது. சந்திரனில் யூரியாவுக்கு எங்கே போவார்கள் என்று வெள்ளிக்கிழமை வந்த என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம்தான், கேட்டேன். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் வேலை செய்கிறவர், எதற்கும் பதில் வைத்திருப்பார். போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அங்க போறவங்க சிறுநீர்ல இருந்து எடுத்துக்குவாங்களாம்” என்றார். மனித குலம் இவ்வளவு தூரம் போய், எதைச் சுவர் ஓரம் கழிக்காதே என்று எழுதிவைத்ததோ, கடைசியில் அதையே சுவர் ஆக்குகிறது. நான் கேலி செய்யவில்லை. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லைத் தட்டினால் சத்தம் வந்தது என்று எழுதியிருந்தாய். என் பூவைத் தட்டிப் பார். தூசு வரும்.

ஸ்ரீதேவி


திருப்பதி
8 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தட்டவில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அது சந்திர மண்ணைப் பார்க்க வாங்கிய கருவி. முகக் கவசம் போட்டும் கொத்தைப் பிரிப்பதற்குள் தும்மித் தீர்த்துவிட்டேன்.

மாம்பூ எவ்வளவு சின்னது. அதற்குள் சூலகம், அதிலிருந்து கிளம்பும் ஒரு தண்டு, தண்டின் நுனி. மகரந்தம் அந்த நுனியில் வந்து ஒட்டினால்தான் காய். திரையில் அந்த நுனியைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். மேடு, பள்ளம், கூரான பாறைகள், அவற்றின் நிழல். ஒரு நிமிடம் எதை வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹரிதா, என்னோடு வேலை செய்கிற பெண், “மேடம், இது எந்தப் பள்ளத்தாக்கு?” என்று கேட்டாள். சந்திரனில் எந்த இடம் என்று கேட்கிறாள்.

அந்தப் பாறைகளுக்கு நடுவில் ஒரே ஒரு மகரந்தத் துகளைத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்று வரி போட்ட நெல்மணி போல இருந்தது. நுனிக்கும் அதற்கும் இடையே ஒரு கல். இறங்க வந்த வாகனத்துக்கு இறங்க இடம் இல்லாதது போல அது அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

எனக்கு அது அழகாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க முடியவில்லை. பிறகு அது உன் மாங்காய் என்று உறைத்தது.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். தூசு படியாத மேற்கு வரிசைப் பூ ஒன்று வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அதையும் கண்டக்டரிடம் அனுப்பு.

நந்திதா


கார்வேட்டிநகரம்
11 பிப்ரவரி 2025

நந்திதாவுக்கு,

இதோடு மேற்கு வரிசைப் பூ இருக்கிறது.

நீ எதற்கு ஒப்பிடுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. விசாரணைக்கு வராதே. க்ரஷர் நின்றால் உனக்குத் தூசு நிற்கும். ஏப்ரலில் உங்கள் கமிட்டி வருகிறது, அதற்குள் ஒரு முழுக்கல் காட்டவேண்டும் என்று பொங்கலுக்கு முன்பு நீயே போனில் சொன்னாய். அப்போது நான் போன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

படத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பால்காரர், “ஏம்மா, புது காலண்டரா?” என்கிறார்.

ஸ்ரீதேவி


திருப்பதி
14 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த மண்’ என்று எழுதிவிட்டு, அடித்து, ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

நந்திதா


கார்வேட்டிநகரம்
19 பிப்ரவரி 2025

நந்திதாவுக்கு,

நீ பேசி முடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். சித்தூரில் அத்தனை பஸ் இருக்கும்போது அந்த பஸ்தான் வேண்டும் என்று ஓடுகிறவர்கள் அழப்போகிறார்கள் என்று அர்த்தம், அதனால் நானும் கூப்பிடவில்லை. நீ வருவதற்கு முன்பும் போன பிறகும் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ வருவதற்கு முன்பு நிலைமை மோசமாக இருந்தது. நாகேந்திரன் சால்வையைப் போர்த்திக்கொண்டே வந்திருந்தார். ஷீல்டை மேசை மேல் வைத்ததும் அதிகாரி எழுந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஏமம்மா, நாடு சந்திரனுக்குப் போகுது, நீ மாங்காய்னு வந்து நிக்கறியே” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கே அந்த நேரத்தில் என் மாங்காயைப் பற்றி வெட்கமாகத்தான் இருந்தது.

நீ வந்து இரண்டு படங்களை வைத்தாய். அவர் முதல் படத்தைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “இதுதான் சந்திரனா?” என்று கேட்டார். நீ, “இல்ல சார், இது எங்க அக்கா தோட்டத்து மாம்பூ” என்றாய். அவர் அடுத்த படத்தைப் பார்த்தார். “அப்போ இது?” “அதுவும் மாம்பூதான் சார். மேற்கு வரிசை. இப்படித்தான் இருக்கணும்.”

நீ போனபின் அவர் இரண்டு படங்களையும் வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஷீல்டைப் பார்க்கவில்லை. பூக்காலம் முடியும் வரை க்ரஷர் ஓடக்கூடாது, அதன்பின் தகரக் கூண்டு போட்டு, தண்ணீர் தெளித்துத்தான் ஓட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் நாகேந்திரன் ஷீல்டை என் கையில் திணித்தார். “உன் தங்கச்சிகிட்டயே குடுத்துடும்மா. சந்திரன்னு சொன்னதும் அதுதான், பூன்னு சொன்னதும் அதுதான். அதும் பேச்ச எதுன்னு நம்பறது?” என்றார். சால்வையைத் திருப்பித் தரவில்லை.

ஷீல்ட் இங்கே இருக்கிறது. உனக்கு ஏதாவது ஆனதா என்று எழுது.

ஸ்ரீதேவி


திருப்பதி
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பாலசுப்பிரமணியன் சார் அன்பாகத்தான் பேசினார். தனக்குச் சப்ளை செய்கிறவரை எதிர்த்துச் சாட்சி சொன்ன முதல் விஞ்ஞானி நீதான் என்றார். பிறகு, ஏப்ரல் கமிட்டிக்குக் கல் இல்லை என்றால் இந்த வேலையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அவர் சொல்வது சரி. நான் கோபித்துக்கொள்ள வழியில்லை.

நாகேந்திரனிடம் இனிமேல் தூசு கேட்க முடியாது. வேறு க்ரஷர்களில் கிடைக்கிறது. ஆனால் கனம், பரும்பொடி. சந்திர மண்ணில் விபூதியைப்போல மிக நுண்ணிய பொடி நிறைய இருக்கும். அது இல்லாமல் கல் செய்தால் நடுவில் இடைவெளி விட்டு உதிர்கிறது. இதுவரை மூன்று கல் உதிர்ந்துவிட்டது. பழைய தூசைத்தான் இங்கே அரைத்துப் பொடி செய்துகொண்டிருந்தோம், அதுவும் தீர்ந்துவிட்டது. அரைக்கிற இயந்திரமும் பழுது. சரி செய்ய ஆள் பெங்களூரிலிருந்து வரவேண்டும், அவர் ஜூனில் வருவதாகச் சொல்கிறார்.

உன் பூ எப்படி இருக்கிறது? க்ரஷர் நின்றதால் கிழக்கு வரிசையில் கொஞ்சமாவது காய் பிடித்ததா?

நந்திதா


கார்வேட்டிநகரம்
16 மார்ச் 2025

நந்திதாவுக்கு,

கிழக்கு வரிசை பிடிக்கவில்லை. தாமதம் ஆகிவிட்டது. மேற்கிலும் நடுவிலும் நன்றாக இருக்கிறது. போன வருஷத்தை விடத் தூசு குறைவு என்பது மரங்களுக்குத் தெரிகிறது.

இந்த பஸ்ஸில் நான்கு மூட்டை வருகிறது. யூரியா சாக்குதான், வேறு சாக்கு இல்லை. கண்டக்டர் என்ன என்று கேட்டார். சந்திரன் என்றேன். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார்.

நீ விபூதி மாதிரி வேண்டும் என்று எழுதியிருந்தாய். கனமான தூசு க்ரஷர் பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. இவ்வளவு தூரம் பறந்து வந்து என் தகரக் கூரையிலும் மோட்டார் ரூமிலும் கிழக்கு வரிசையிலும் உட்கார்ந்தது எல்லாம் விபூதிதான். இரண்டு வருஷத்துச் சேமிப்பு. காய்க்காத பூவெல்லாம் காய்ந்து கருகித் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் துணி விரித்து உதறினேன். தூசு எந்தப் பக்கம் பறந்தாலும் மூட்டையில் விழும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அதைத் திட்டியிருக்கிறேன், ஒரு சிட்டிகை வீணாகப் போனால் மனசு கேட்கவில்லை.

உதறும்போது ஒன்று தோன்றியது. நீ எழுதியது உண்மை என்றால் இந்தப் பொடி உருண்டையாக நேரம் இல்லாத பொடி. அங்கே நிலாவில் கோடி வருஷம் ஆடாமல் கிடப்பது இங்கே என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. இதைப் பெருக்கித் தள்ளும்போதெல்லாம் நான் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பாகாலா வேனைக் கேலி செய்தேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவர்கள் செருப்பைக் கழற்றியதைப் பற்றி இனிமேல் பேசமாட்டேன்.

ஸ்ரீதேவி


திருப்பதி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல் ஆகிவிட்டது.

உன் தூசைச் சல்லடையில் போட்டபோது ஹரிதா, “யார் மேடம் இவ்ளோ மையா அரைச்சது?” என்று கேட்டாள். காற்று என்றேன். அச்சில் ஊற்றி வைத்துவிட்டு நான் தினமும் போய்ப் பார்த்தேன். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே எண்ண முடியாத உயிர்கள், கண் இல்லாமல், கை இல்லாமல், எதைக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டிக்கொண்டிருந்தன. அச்சைப் பிரித்தபோது ஒரு மூலைகூட உதிரவில்லை. தட்டினேன். இந்த முறை வெண்கலப் பாத்திரம் போல ஒலித்தது. பாலசுப்பிரமணியன் சார் வந்து அவரும் ஒருமுறை தட்டினார். பிறகு வாட்ச்மேன் வரை எல்லாரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்கள்.

கமிட்டியும் தட்டிப் பார்த்தது. அமுக்கிப் பார்க்கும் இயந்திரத்தில் இதன் ஜோடிக் கல் எதிர்பார்த்ததை விட அதிகமாகத் தாங்கியது. வேலை எங்களிடமே இருக்கும்.

ஒரு சிக்கல். கல்லில் ஒரு சில்லை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சுண்ணாம்புப் படிகத்துக்குள் மூன்று வரி போட்ட நெல்மணி போன்ற துகள்கள். நீ பூவை உதறினாய் அல்லவா, மகரந்தம். ஒன்று இரண்டு இல்லை, பார்க்கும் இடமெல்லாம். படிகம் அதைச் சுற்றி வளர்ந்து, நசுக்காமல், உடைக்காமல், அப்படியே மூடி வைத்திருக்கிறது. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவியை வேறு ஒருவர் கேட்டு வந்த பிறகுதான் எழுந்தேன்.

அறிக்கையில் ‘கலப்படம்: மாம்பூ மகரந்தம்’ என்று எழுதவேண்டியதாயிற்று. சந்திரனில் மாமரம் இல்லை என்று கமிட்டியில் ஒருவர் நினைவூட்டினார். ஆகவே அடுத்த கற்களுக்கு உன் பொடியைக் கழுவித்தான் சேர்க்கவேண்டும். இந்த ஒரு கல்லை மாதிரியாக வைக்கமுடியாது, தள்ளிவிடச் சொன்னார்கள். தள்ளியதை எடுத்துப் போவதற்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். அவரும் தட்டிப் பார்ப்பார். விட்டுவிடு.

நந்திதா


கார்வேட்டிநகரம்
15 ஜூன் 2025

நந்திதாவுக்கு,

உடனே எழுதாததற்குக் காரணம் அறுவடை. மேற்கும் நடுவும் நன்றாகக் கொடுத்தன. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரி போய்விட்டது. கிழக்கு வரிசையில் காய் இல்லை. அந்தப் பக்கம் ஏணி கொண்டு போகவில்லை.

நாகேந்திரன் கூண்டு போட்டுவிட்டார். தண்ணீர் தெளிக்கிறார். முந்தாநாள் எதிரே பார்த்தபோது, “இன்னாம்மா, இப்ப மரம் சுத்தமா கீதா?” என்றார். சுத்தமாக இருக்கிறது என்றேன். “போர்ட மட்டும் எடுக்கமாட்டேன்” என்றார். எடுக்கவேண்டாம், அதில் பொய் ஒன்றும் இல்லை என்றேன். ஷீல்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கல் என் மேசை மேல் இருக்கிறது. முதலில் எதற்காவது பயன்படும் என்று கதவுக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். உள்ளே கிழக்கு வரிசை இருக்கிறது என்று தெரிந்த பிறகு கால் படும் இடத்தில் வைக்க முடியவில்லை. உன் மாமா வந்து தட்டினார். பால்காரர் தட்டினார். நானும் ஆள் இல்லாதபோது தட்டுகிறேன்.

நேற்று காலை ஏழு மணிக்கு வெள்ளைத் திருகைக் கல் மாதிரி பகல் நிலா தோப்புக்கு மேலே நின்றது. தூசு இல்லாததால் முயல் துலக்கமாகத் தெரிந்தது. கல்லை எடுத்து அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நிறம் ஒன்றுதான். இரண்டு வருஷம் காய்க்காமல் போன பூ எங்கே போயிற்று என்று கேட்டால் இனிமேல் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கமிட்டிக்கு ஒரு வார்த்தை சொல். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகத்தான் செய்யும், எனக்கு இந்தப் பொடியைத் தெரியும். என்றைக்காவது அந்தச் சுவருக்குள் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு காரணமே தெரியாமல் தும்மினால், பயப்படவேண்டாம், எங்கள் மரம்தான் என்று சொல்லச்சொல்.

ஸ்ரீதேவி

பி.கு.: அடுத்த தை மாதம் வா. முகக் கவசம் கொண்டு வா. போன் செய்தால் எடுக்கிறேன்.